டியூட்டிக்கு வழிவிடும் வீடு படிப்புக்கும் வழிவிடட்டும்

கல்யாணமான செவிலியர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் பேசுவது தூக்கத்தைப் பற்றித்தான். நைட் முடித்து வந்தால் எத்தனை மணிக்குப் படுக்கிறாய், பிள்ளையை யார் பார்க்கிறார்கள், மதியம் சமையல் யார் என்று. எங்கள் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிகளும் சுற்றிச்சுற்றி அதையேதான் கேட்கிறார்கள்: "வீட்டையும் இதையும் எப்படி சிஸ்டர் சமாளிக்கிறீங்க?"

தூக்கத்துக்கு வழி இருக்கிறது. நான் கண்டுபிடித்ததைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. கல்யாணம், பிரசவம், பிள்ளை வளர்ப்பு என்று ஓடும் அந்தச் சில வருடங்களில் நம் பெண்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுவது பயிற்சியையும் படிப்பையும்தான். டியூட்டிக்குப் போகாதே என்று அநேகமாக எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். மாதமானால் சம்பளம் வருகிறது. "ரெண்டு வாரம் சென்னையில டிரெயினிங்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். "வேற யாரையாவது அனுப்பச் சொல்லேன்" என்பார்கள். நாமும் சரி என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய்ப் பெயரை எடுத்துவிடச் சொல்வோம். இந்த வேலை வெறும் வேலையாகத் தேய ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

எனக்குத் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம். 2007-ல் பிளஸ் டூ முடித்து ஜி.என்.எம்., அதாவது நர்சிங் டிப்ளமோ, சேர்ந்தேன். அப்போது அது மூன்றரை வருடப் படிப்பு. 2015-ல்தான் 3 வருடமாகக் குறைத்தார்கள். படித்து முடித்ததும் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. சேரும்போதே ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இடையில் நின்றால் பணம் கட்டித்தான் மீட்க வேண்டும். அந்த நான்கு வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கை பழகியது, அது மட்டும் உண்மை. எப்பேர்ப்பட்ட நரம்பிலும் ஊசி ஏற்றும் கை அங்கே வந்ததுதான்.

2015 ஜூன் மாதம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எல்லோரும் எம்.ஆர்.பி. என்று சொல்வது, செவிலியர்களுக்கு முதல்முறையாகப் போட்டித் தேர்வு வைத்தது. 7,243 இடங்கள். எனக்கும் கிடைத்தது, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். அரசு வேலை என்று ஊரில் இனிப்பு கொடுத்தார் அப்பா. 7,700-ல் வீட்டு வாடகை, சாப்பாடு, பாபநாசம் போய்வரப் பஸ் காசு எல்லாம் போக மிஞ்சியது என்னவென்று எனக்குத்தான் தெரியும். 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தது அந்தச் சம்பளத்துக்காகத்தான். என் தோழிகள் போனார்கள். என்னால் போக முடியவில்லை, கையில் பச்சைக்குழந்தை.

2016-ல் கல்யாணம், அடுத்த வருடம் மகள். அவருக்குப் பாபநாசத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. டெல்டாவில் அந்தத் தொழில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் குறுவைக்கு நாற்றங்கால் விடப் போர் மோட்டார்கள் இரவும் பகலும் ஓடும், ஓடி எரியும், எரிந்ததெல்லாம் அவர் கடை வாசலுக்கு வரும். ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வரை வந்து சேரும்வரை அவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. அதனால் அவர் ஊரில், நான் ராமநாதபுரத்தில். எனக்குத் துணையாக என் அம்மா வந்து தங்கினார்.

அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பை 2016-ல் 9 மாதமாக உயர்த்தியிருந்தார்கள். தொகுப்பூதியத்தில் இருந்த எனக்கு அது சம்பளத்தோடு கிடைக்கவில்லை. மகளுக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த கொஞ்ச நாளிலேயே டியூட்டிக்குத் திரும்பினேன். பாலைப் பிழிந்து வைத்துவிட்டுப் போவேன். அறைச் சூட்டில் 4 மணி நேரம்தான் தாங்கும். ராமநாதபுரத்து வெயிலில் அதையும் நம்ப முடியாது. சுகாதார நிலையத்தில் குளிர்பதனப் பெட்டி உண்டு, ஐ.எல்.ஆர். என்போம். ஆனால் அது தடுப்பூசிக்கு மட்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க வேண்டும், அடிக்கடி திறக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில்கூட உள்ளே போகக் கூடாது. டியூட்டியில் மார்பு கட்டிக்கொண்டால் பிழிந்து எங்கே வைப்பது? தெருமுனைக் கடையில் ஐஸ் வாங்கி ஒரு அகல வாய் ஃபிளாஸ்க்கில் போட்டு, அதற்குள் சின்ன எவர்சில்வர் டப்பாவை இறக்கி வைத்தேன். மதியம் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவார். இன்றைக்கும் வேலைக்குத் திரும்பும் இளம் தாய்மார்களிடம் நான் முதலில் கேட்பது, "பாலைப் பிழிஞ்சு எங்கே வைக்கப் போறே?" என்பதுதான். அதற்குப் பதில் இருந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்த நேரத்தில்தான் மாவட்டத் தலைநகரில் 2 நாள் பயிற்சி வந்தது. நவஜாத் சிசு சுரக்ஷா கார்யக்ரம். பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பயிற்சி. ஒரு நிலையத்துக்கு ஒருவர், அந்த முறை நான். வீட்டில் சொன்னேன். அவர் ஃபோனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கைக்குழந்தையை வச்சிக்கிட்டு எப்படி? அடுத்த தடவை போயேன்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, அக்கறையில் சொன்னதுதான். நான் சரி சொல்லும் நேரத்தில் அம்மா உள்ளிருந்து, "நான் வரேன்டி. புள்ளைய வெளிய வச்சிருக்கேன், பசிச்சா நீ எந்திரிச்சு வா" என்றார். அம்மா அஞ்சாம் வகுப்பு. நவஜாத் என்றால் என்னவென்று தெரியாது. பயிற்சிக் கூடத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் துண்டை விரித்து 2 நாளும் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நாங்கள் காற்றுப் பையையும் முகமூடியையும் வைத்து ரப்பர் பொம்மைக்கு மூச்சு கொடுத்துப் பழகினோம். முகமூடி தாடை, வாய், மூக்கு மூன்றையும் மூட வேண்டும், கண்ணில் படக் கூடாது. கழுத்து லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும், அதிகம் நிமிர்ந்தாலும் மடங்கினாலும் காற்று போகாது. சளி எடுக்க வேண்டியிருந்தால் முதலில் வாய், அப்புறம் மூக்கு. பையை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அமுக்க வேண்டும். எண்ணிக்கை தப்பாமல் இருக்க "அமுக்கு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். பிறந்து ஒரு நிமிடத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பொன்னான நிமிடம் என்று பெயர்.

மூன்று நர்ஸ் உள்ள 24 மணி நேர சுகாதார நிலையத்தில் நைட் டியூட்டி என்றால் ஒரே நர்ஸ். டாக்டர் கூப்பிட்டால் வருவார். கூட ஆயாம்மா ஒருவர். பயிற்சி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். பார்த்ததுமே தெரிந்தது, வேறெங்கும் அனுப்ப நேரமில்லை. டாக்டருக்கு ஃபோன் போட்டேன், ஆயாம்மாவை 108-க்குச் சொல்லச் சொன்னேன். குழந்தை பிறந்தது. அழவில்லை. கைகால் தொங்கிக் கிடந்தது, நிறம் நீலம்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியாது. குழந்தைக்கு உரிய அந்த முதல் நிமிடம்தான் தாய்க்கும் உரியது. உதிரப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஆக்ஸிடோசினைத் தொடையில் போட வேண்டியது அதே ஒரு நிமிடத்துக்குள். இரண்டு உயிர், ஒரே நிமிடம், ஒரே ஆள். அதனால்தான் தலை தெரியும்போதே மருந்தை ஏற்றி டிரேயில் வைக்கச் சொல்லித் தருகிறார்கள். அன்று ஊசி தயாராக இருந்தது. குழந்தையைத் துடைத்துக்கொண்டே தாயின் வயிற்றைத் தொட்டு இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்து ஊசியைப் போட்டேன். கொடியைக் கிளாம்ப் செய்து வெட்டி, குழந்தையை வார்மருக்குக் கொண்டு போனேன். முதுகைத் தேய்த்தேன், மூச்சில்லை. முகமூடியை வைத்து அமுக்கினேன், நெஞ்சு எழும்பவில்லை. அந்த இடத்தில் பயிற்சி இல்லாத கை இன்னும் வேகமாக, இன்னும் பலமாக அமுக்கும். எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: நெஞ்சு எழும்பாவிட்டால் நிறுத்து, கழுத்தைச் சரி செய், முகமூடியை எடுத்து மறுபடி வை. எடுத்து வைத்தேன். அமுக்கு, ரெண்டு, மூணு. நெஞ்சு எழுந்தது. தொப்புள் கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தேன், துடிப்பு இருந்தது. உதடு முதலில் சிவந்தது. அப்புறம் ஒரு விக்கல் மாதிரி, அப்புறம் முகத்தைச் சுளித்து ஒரு அழுகை.

டாக்டர் வந்து பார்த்து, 108-ல் தாயையும் பிள்ளையையும் ராமநாதபுரம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆயாம்மா எனக்கு ஒரு டம்ளர் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்தார். கேஸ் ஷீட் எழுதினேன், தரையைக் கழுவினோம், டிரேயை மறுபடி அடுக்கினோம். காலையில் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அந்த வேப்ப மரத்தடி இரண்டு நாள் இல்லையென்றால் அந்தக் குழந்தை இல்லை என்று சொன்னேன். அம்மா நம்பவில்லை. "போடி" என்றார். எனக்கு அதில் இன்றுவரை சந்தேகம் கிடையாது.

அதற்கப்புறம் பயிற்சி என்று வந்தால் நான் பின்வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தால் போதாது, வீடு அதற்குத் தயாராக வேண்டும். அந்த வேலைதான் பெரிது.

2019-ல் நிரந்தரமானேன். அடுத்து கலந்தாய்வில் எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போகும் ஒரு அரசு மருத்துவமனைக்கு மாறுதல் கிடைத்தது, லேபர் வார்டு. சேர்ந்த கையோடு கொரோனா. ஒரு வாரம் டியூட்டி, ஒரு வாரம் தனிமை என்று விடுதியிலேயே கழிந்த காலம் அது. எல்லோரும் பட்டதுதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு 12 மாதம் என்று ஆனது. மகன் பிறந்தபோது எனக்கு அது முழுதாகச் சம்பளத்தோடு கிடைத்தது. மகளுக்குக் கிடைக்காத ஒரு வருடத்தை மகனுக்குக் கொடுத்தேன். அந்த விடுப்பின் அருமையை இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: எந்தச் செவிலியர் எந்த ஒப்பந்தத்தில் இருந்தாலும் சரி, குழந்தைக்கு ஒப்பந்தம் தெரியாது.

இப்போது வீட்டில் அத்தை, அவர், நான், இரண்டு பிள்ளைகள். என் டியூட்டி லிஸ்ட் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அத்தைக்கு அதிலிருக்கும் இங்கிலீஷ் எழுத்துகள் தெரியாது. "இன்னிக்கு எப்ப வருவே" என்று தினமும் கேட்பார், நான் பரபரப்பில் பதில் சொல்லாமல் போய்விட்டால் மனக்கசப்பு. மகள் ஸ்கெட்ச் பென்னால் வண்ணம் அடித்துக் கொடுத்தாள். காலை டியூட்டி மஞ்சள், மாலை பச்சை, நைட் நீலம், ஆஃப் சிவப்பு. இப்போது வீட்டில் லிஸ்ட்டை முதலில் பார்ப்பதே அத்தைதான். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து நாலு நீலம் வருது, மாவு நான் அரைச்சிடறேன்" என்பார். பேரன் தடுப்பூசி, பேத்தி பள்ளிக்கூட மீட்டிங் எல்லாம் சிவப்பு பார்த்து வைப்பது அவர் வேலை. எனக்குத் தெரிந்த பல வீடுகளில் மருமகள் எப்போது வருவாள், எப்போது போவாள் என்பது மாமியாருக்கு ஒரு புதிர். புதிர் இருக்கும் இடத்தில் சந்தேகமும் சலிப்பும் வரத்தான் செய்யும். லிஸ்ட்டை எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள், அவர்களுக்குப் புரியும்படி வையுங்கள்.

தூக்கம். நைட் முடிந்து காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருவேன். குளித்து இரண்டு இட்லி சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்தால் மதியம் ஒன்றரை. அன்றும் நைட் என்றால் சாயங்காலம் கிளம்புவதற்கு முன் இன்னும் ஒரு மணி நேரம். பின்கட்டு அறை ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை போட்டிருக்கிறேன். வெளிச்சம் வந்தால் உடம்பு பகல் என்று எடுத்துக்கொண்டுவிடும். கியாஸ் சிலிண்டர்காரர், தபால்காரர், மாவு கேட்டு வரும் பக்கத்து வீட்டக்கா, எல்லோரும் பெல் அடிப்பார்கள். நாலு தடவை எழுந்தால் நாலு மணி நேரத் தூக்கம் தூக்கமே இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து காலிங் பெல்லுக்கு உள்பக்கம் ஒரு ஸ்விட்ச் போட்டுவிட்டார். நான் படுக்கப் போகும்போது அத்தை அதை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். அவர் வாங்கித் தந்த எந்த நகையையும்விட எனக்கு அந்த ஸ்விட்ச் பெரிது. இரவு டியூட்டியில் டீ, காபி எல்லாம் 2 மணிக்கு முன்னால் முடித்துவிடுவேன், அதற்கப்புறம் குடித்தால் காலையில் கண் மூடாது.

இன்னொன்று டியூட்டி மாற்றிக்கொள்வது. எங்கள் வார்டில் நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். வேளாங்கண்ணி கொடியேற்றம் ஆகஸ்ட் 29, கிறிஸ்துமஸ் ராத்திரி இரண்டும் நான் எடுத்துக்கொள்வேன், ஒரு சிஸ்டர் எனக்குத் தீபாவளியைப் பார்த்துக்கொள்வார். ரம்ஜான் நோன்பு மாதத்தில் ஒரு சிஸ்டருக்கு மாலை டியூட்டி வராமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பொங்கல் மூன்று நாளும் அவர் இருப்பார். எல்லாமே எழுத்தில், இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்தோடு. வாய்ப்பேச்சில் விட்டால் நட்பு கெடும்.

வார்டை வீட்டுக்குத் தூக்கி வராமல் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும், அந்த பேபிக்கு ஆறு மணி சுகர் பார்க்கச் சொன்னோமா என்று மனசு அடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்தும் வார்டுக்கு ஃபோன். பிள்ளை எதிரில் நின்று ஏதோ காட்டிக்கொண்டிருக்கும், கண்ணில் படாது. இப்போது ஒப்படைக்கும்போது கேஸ் ஷீட்டுக்கு மேல் ஒரு சின்ன நோட்டில் படுக்கை வாரியாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: என்ன முடிந்தது, என்ன பாக்கி, எதில் எனக்குச் சந்தேகம். எழுதிக் கொடுத்தால் மனசு விட்டுவிடுகிறது. எடுத்துக்கொள்கிற சிஸ்டருக்கும் அது உதவி.

சரி, முதலில் சொன்ன அந்தச் சென்னை டிரெயினிங்குக்கு வருகிறேன். 2023-ல் என்னைப் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, எஸ்.என்.சி.யு.வுக்கு மாற்றினார்கள். பிறந்து 28 நாள் வரையுள்ள குழந்தைகள் அங்கே. உள்ளே போகும்போது ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு, முழங்கை வரை 2 நிமிடம் கை கழுவி, கவுன் மாற்றித்தான் போக வேண்டும். அந்தப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்குப் பெரிய மருத்துவமனையில் 2 வாரம் உடனிருந்து கற்கும் பயிற்சி உண்டு. என் முறை மே மாதத்தில் வந்தது. மே மாதம்! கடையில் எரிந்த மோட்டார்கள் வரிசையாக நிற்கும் மாதம், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அத்தைக்கு முழங்கால் வலி.

நான் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தனியாக ஒரு தாளில் எழுதினேன். பிள்ளைகள் முதல் வாரம் என் அம்மா வீட்டில், இரண்டாவது வாரம் என் தங்கை வந்து எங்கள் வீட்டில் தங்குவாள். கடைப் பையன்களுக்கு மதியச் சாப்பாடு வழக்கமாக வீட்டிலிருந்து போகும், அதை 2 வாரத்துக்கு மெஸ்ஸில் சொல்லிவிடலாம், அந்தச் செலவு என் சம்பளத்திலிருந்து. அத்தையின் மாத்திரைகளை நாள் வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டுவிடுவேன். இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவரிடமும் அத்தையிடமும் ஒன்றாகச் சொன்னேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. போக வேண்டும், இன்னின்ன ஏற்பாடு, இதில் எது சரிப்படாது என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் மெஸ் சாப்பாடு மட்டும் வேண்டாம் என்றார். பையன்களில் ஒருவனுக்கு வயிற்றுப்புண்ணாம். தங்கையும் அத்தையும் சேர்ந்து சமைத்தார்கள். வேறு எந்தத் தடையும் வரவில்லை. அனுமதி கேட்டால் சரி, வேண்டாம் என்று இரண்டே பதில்தான். ஏற்பாட்டைக் காட்டினால் எல்லோரும் அதில் திருத்தம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அங்கே நான் கற்றவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கங்காரு முறை. எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைப்பது. 1978-ல் கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில் ஒரு அரசு மகப்பேறு மருத்துவமனையில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது. இல்லாதவர்களின் வைத்தியம் என்று பலகாலம் நினைத்தார்கள். 2021-ல் இந்தியா உட்பட 5 நாடுகளில் நடந்த ஆய்வு, குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் என்று காத்திருக்காமல் பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டியது. இப்போது உலக சுகாதார நிறுவனமே நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் செய்யச் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் இதைத் தாய் மட்டுமே செய்வது என்றிருந்தது. சென்னையில் அப்பாக்களும் பாட்டிகளும் வரிசையாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

திரும்பி வந்த பிறகு ஒரு குழந்தை வந்தது, எடை 1,300 கிராம். தாய்க்கு ஃபிட்ஸ் வந்து அவர் ஐ.சி.யு.வில். அப்பா அரிசி ஆலையில் லோடுமேன். வெளியே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள், சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றேன். "நானா சிஸ்டர்? என் ஒடம்பு மூட்டை தூக்குற ஒடம்பு, புள்ளைக்கு குத்துமே" என்றார். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, நாப்கின் மட்டும். நெஞ்சின் நடுவில் நிமிர்த்தி வைத்து, கைகால்களைத் தவளை மாதிரி மடக்கி, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, கழுத்து மடங்காமல் துணியால் சேர்த்துக் கட்டினேன். அவர் மூச்சையே அடக்கிக்கொண்டார். "நல்லா மூச்சு விடுங்க, உங்க மூச்சுதான் அதுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுக்கும்" என்றேன். வைக்கும்போது குழந்தையின் சூடு 36.2. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 36.8. எண்ணை அவரிடம் காட்டினேன். அதற்கப்புறம் அவரை எழுப்புவதுதான் கஷ்டமாகிவிட்டது. தினமும் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்துவிடுவார். குழாய் வழியாக மில்லி மில்லியாகக் கொடுத்த பால் பாலாடைக்கு, அந்த மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்துக்கு, மாறியதும், பாலாடை பிடிக்க அவர்தான் முதலில் கற்றுக்கொண்டார். தாய் தேறி வந்தபோது மனைவிக்கு அவர்தான் காட்டிக்கொடுத்தார். இப்போது எங்கள் பிரிவில் அப்பாக்களுக்கென்று தனியாக இரண்டு நாற்காலி போட்டிருக்கிறோம்.

இந்த வேலையில் பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவர் கண்காணிப்பாளர் நிலை 2 ஆவதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். அத்தனை வருடமும் நம்மைத் தாங்குவது கை கற்றுக்கொண்டே இருப்பதுதான். என்னோடு படித்த ஒருத்தி இங்கிலாந்து போய்விட்டாள். பிள்ளைகளை முதல் ஒரு வருடம் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள், இப்போது எல்லோரும் அங்கே. அவள் அங்கே கற்றதை வாட்ஸ்ஆப்பில் சொல்வாள், நான் இங்கே கற்றதைச் சொல்வேன். யார் முடிவு சரி என்று ஊரில் பேசுபவர்கள் பேசட்டும். இருவரும் நிற்காமல் இருக்கிறோம், எனக்கு அது போதும்.

இளம் சிஸ்டர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். வீட்டில் எதை விட்டுக்கொடுப்பது என்று வரும்போது முதல் ஆளாகப் பயிற்சியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருங்கள், பலகாரத்தைக் கடையில் வாங்குங்கள், வீடு இரண்டு நாள் கூட்டாமல் கிடக்கட்டும். பிள்ளைகள் சின்னவர்கள் என்று தள்ளிப்போட்டால், அவர்கள் வளர்ந்ததும் வீட்டுப் பெரியவர்களுக்கு உடம்பு முடியாமல் போகும். வீட்டில் எல்லோருக்கும் தோதான மாதம் என்று ஒன்று வரவே வராது.

என் அடுத்த திட்டம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங். ஜி.என்.எம். படித்தவர்கள் பட்டம் வாங்க 2 வருடம். இந்த முறை ஏற்பாட்டுத் தாள் நீளமாகத்தான் இருக்கிறது. மகன் பள்ளியில் சேர்க்கும் வயது, அத்தைக்கு முழங்கால் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அத்தை, "நீ படிக்கப் போறதுக்கு முன்னாடி ஆபரேஷனை முடிச்சிடுவோம், அப்புறம் நான் நடப்பேன்" என்கிறார். என் வீட்டுக்காரர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சீசன் முடியட்டும், உட்கார்ந்து பேசலாம் என்றிருக்கிறார். தாளில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு வரி காலியாக விட்டிருக்கிறேன். விண்ணப்பத்துக்குத் தேவையான சான்றிதழ்களை எடுத்து ஃபைலில் போட்டாயிற்று.